மருந்து இல்லை, சாப்பாடு என்றார்கள்

போன வருடத்துக்கு முந்தின வருடம், கச்சான் காற்று மண்ணை அள்ளி முகத்தில் அடிக்கிற காலம். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, எங்கள் ஊர்க் கிளினிக்குக்கு மகனை நிறுக்கக் கொண்டுபோயிருந்தேன். அவனுக்கு அப்போது ஒன்றரை வயது. தொங்கு தராசில் மாட்டியிருக்கும் கால்சட்டைக்குள் அவனை இறக்கியதும் வழக்கம்போல வீரிட்டு அழுதான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தராசின் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளை பெற்றவர்களுக்கு இது விளங்கும். வளர்ச்சி அட்டையில் பிள்ளையின் கோடு பச்சை நிறத்துக்குள் ஏறிக்கொண்டு போனால் தாய் தலை நிமிர்ந்து வெளியே வரலாம். செம்மஞ்சளுக்குள் இறங்கினால் வரிசையாக வாங்கில் உட்கார்ந்திருக்கிற எல்லோர் முன்னாலும் சத்துமாப் பைக்கற்றை வாங்கிக்கொண்டு வரவேண்டும். என் மகனின் கோடு பச்சையின் அடி விளிம்பை உரசிக்கொண்டு போனது. எங்கள் பகுதி மருத்துவமாதுவை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். மிஸ்ஸி அன்று ஒன்றும் கடுமையாகச் சொல்லவில்லை.

“பயப்பிடாதீங்க. கோடு கீழ போகல்ல, மெதுவாப் போகுது. ஒரு நேரச் சாப்பாட்டைக் கூட்டுங்க, சோத்துக்குள்ள தேங்காயெண்ணெய் கொஞ்சம் விடுங்க. அடுத்த மாசம் பாப்பம்.”

அதைக் கேட்டுக்கொண்டு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் வாங்கில் இருந்த ஒரு பெண், யாரைப் பார்த்தும் சொல்லாததுபோல, “வேலைக்குப் போற தாய்மார்ட பிள்ளையள் இப்பிடித்தான்கா. சம்பளம் கொழுக்கும், பிள்ளை காயும்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வரைக்கும் அந்தச் சிரிப்பு என் வாயிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தது.

நான் படுவான்கரைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். காலையில் பஸ் பிடித்து, வாவிப் பாலம் கடந்து போய், பின்னேரம் வருவேன். கணவருக்கு வெளி மாவட்டத்தில் வேலை, லீவு கிடைத்தால் வருவார். பகலில் மகனைப் பார்த்துக்கொள்வது அடுத்த வளவு அக்கா. சொந்தமில்லை. ஆனால் என் மகன் முதலில் சொன்ன சொல் அக்காவின் மகளுடைய பெயர். அக்காவின் கணவர் வாவியில் தோணி விடுகிறவர். மகளுக்கு நாலு வயது, மெல்லிய உடம்பு. பாலர் பாடசாலையில் பிள்ளைகள் அவளை நெத்தலி என்று கூப்பிடுவார்கள். அக்கா அதற்குக் கோபப்படமாட்டார். “மீன்காரன்ட மகள் மீனாத்தானே இருப்பாள்” என்று சொல்லிச் சிரிப்பார். என்னால் அப்படிச் சிரிக்க முடியாது. அதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் வித்தியாசம்.

நான் எதையும் இரண்டு தரம் யோசிக்கிறவள். கதவைப் பூட்டிவிட்டுக் வேலிக் கடப்படி வரைக்கும் போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். மகனுக்குக் காய்ச்சல் பாணி கொடுப்பதென்றால் அளவுக் கோப்பையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன். கொடுத்த பிறகு, சரியாகத்தான் ஊற்றினேனா என்று போத்தலைப் பார்ப்பேன். இப்படிப்பட்டவள் எப்படி ஏமாந்தாள் என்று பிறகு பலர் கேட்டார்கள். நானும் என்னைக் கேட்டிருக்கிறேன். அதற்குப் பதில் ஒரு சொல்தான்: சாப்பாடு.

பேஸ்புக்கில் அந்த விளம்பரம் வந்தது. ஒரு பக்கம் எலும்பும் தோலுமான பிள்ளை, மறுபக்கம் அதே பிள்ளை கன்னம் இரண்டும் பூரித்துப்போய். கீழே ஒரு மா டின். பசி எடுக்கும், எடை கூடும், நூறு வீதம் இயற்கை. நான் உடனே வாங்கிவிடவில்லை. வட்ஸ்அப்பில் கேள்விமேல் கேள்வி கேட்டேன். இது என்ன மருந்து, எத்தனை வயதுக்குக் கொடுக்கலாம், டொக்டரிடம் கேட்கவேண்டுமா. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் தேன் மாதிரிக் குரலில் பதில் அனுப்பினாள்.

“சிஸ்டர், இது மருந்தே இல்ல. சாப்பாடு. பயறு, பேரீச்சம்பழம், மூலிகை. டொக்டர்மாரிட்ட கேட்டா அவங்கட மருந்தைத்தானே எழுதுவாங்க?”

மருந்து என்று சொல்லியிருந்தால் நான் பத்துப் பேரிடம் விசாரித்திருப்பேன். சாப்பாடு என்றதும் என் பயம் எல்லாம் இறங்கிப்போனது. பயற்றம்மாவை யாராவது டொக்டரிடம் காட்டிவிட்டா கரைப்பார்கள்? கூரியரில் டின் வந்ததும் முடிவு திகதியைப் பார்த்தேன். மூடி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். பொன்னிற ஒட்டுப் படத்தையும் பச்சை இலையையும் பார்த்தேன். யார் செய்தது, யார் இறக்குமதி செய்தது, எந்த ஊர் விலாசம் என்று பார்க்கத் தோன்றவில்லை. பார்த்திருந்தால் அப்படி எதுவும் அதில் இல்லை என்று அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பாலில் ஒரு கரண்டி கலந்து காலையிலும் மாலையிலும் கொடுத்தேன். பொய் சொல்லக்கூடாது, வேலை செய்தது. ஒரு கிழமைக்குள் மகன் தானாகவே கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு வந்தான். சோறு, மீன், இடியப்பம், எது வைத்தாலும் முடித்தான். கன்னம் ஏறியது. கைகளில் மடிப்பு விழுந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று கிள்ளிவிட்டுப் போனார்கள். அடுத்த கிளினிக்கில் கோடு பச்சைக்குள் குதித்து ஏறியபோது, அந்த வாங்குப் பெண் இருக்கிறாளா என்று நான் தேடிப் பார்த்தேன். இருந்தாள். நான் அவளுக்கு முன்னால் வேண்டுமென்றே மெதுவாக நடந்து போனேன்.

மா விற்ற பெண் ஒருநாள், “குட்டீட முந்தின படமும் இப்ப எடுத்த படமும் அனுப்புவீங்களா சிஸ்டர்? பாக்க ஆசை” என்று கேட்டாள். நான் உடனே அனுப்பினேன். மெலிந்த படம் ஒன்று, கொழுத்த படம் ஒன்று. கேட்காமலே மூன்றாவதாக இன்னொன்றும் அனுப்பினேன். அவ்வளவு பெருமை எனக்கு.

அடுத்த முறையிலிருந்து இரண்டிரண்டு டின்னாக எடுத்தேன். ஒன்று அக்காவுக்கு. என் பிள்ளையைப் பார்க்கிறவருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். அக்கா டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எனக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியா. நீ பாத்திட்டாய்தானே?” என்று கேட்டார்.

“எல்லாம் பாத்திட்டன் அக்கா. மருந்தில்ல, சாப்பாடு” என்றேன். யாரோ எனக்குச் சொன்னதை, நானே கண்டுபிடித்ததுபோல.

நெத்தலியும் கொழுத்தாள். பாலர் பாடசாலையில் பெயர் மாறி, வயிறு ஊதுகிற பேத்தை மீன் ஆனது. அக்காவுக்கு அதிலும் சிரிப்புத்தான்.

கோயில் சடங்குக்கு இரண்டு பிள்ளைகளுக்கும் உடுப்பு எடுக்கக் காத்தான்குடிக்குப் போனோம். கடை முதலாளி மகனுக்கு ஒரு காற்சட்டையைப் போட்டுப் பார்த்தார். இடுப்பில் ஏறவில்லை. அடுத்த அளவு எடுத்தார். அதற்கும் அடுத்தது எடுத்தார். அது இடுப்புக்குச் சரியாக வந்தது, ஆனால் துணி பாதத்துக்குக் கீழே ஒரு சாணுக்கு இழுபட்டது. அவர் எட்டி நின்று பார்த்தார்.

“இடுப்புக்கு நாலு வயசு, காலுக்கு ஒண்டரை வயசு. ரெண்டு பிள்ளைய ஒண்டாக்கித் தந்திருக்கான் அல்லாஹ். கீழ வெட்டித் தைச்சுக்குங்க மகள்.”

கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல மனிதர், விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் என் பிள்ளை வளரவில்லை, ஊதிக்கொண்டிருக்கிறான் என்பதை அந்த ஒரு வரியில் சொல்லிவிட்டார். நான் அதைக் கேட்டுவிட்டு விலை பேசினேன்.

மிஸ்ஸிக்கு அது வேறு விதமாகத் தெரிந்தது. அந்த மாதம் மகனைப் படுக்க வைத்து நீளம் அளந்தவர், இன்னொரு தரம் அளந்தார். அவன் கன்னத்தில் பூனைமயிர்போல மெல்லிய மயிர் அரும்பியிருந்ததை விரலால் தடவிப் பார்த்தார்.

“எடை இவ்வளவு ஏறியிருக்கு, நீளம் அசையல்லயே. என்ன குடுக்கிறீங்க பிள்ளைக்கு?”

“சோறு, மீன், முட்டை, பருப்பு மிஸ்ஸி” என்றேன்.

“வேற?”

“வேற ஒண்டுமில்ல.”

ஏன் அப்படிச் சொன்னேன்? பலமுறை யோசித்திருக்கிறேன். மா என்று சொன்னால், பிள்ளை தேறியது என் சமையலால் அல்ல, என் கவனிப்பால் அல்ல, ஒரு டின்னால் என்று ஆகிவிடும். அந்தப் பச்சைக் கோட்டை யாரோடும் பங்கு போட எனக்கு மனம் வரவில்லை. மிஸ்ஸி நீளத்தை அட்டையில் குறித்தார். அடுத்த மாதம் டொக்டரிடம் காட்டுவோம் என்று சொல்லி அனுப்பினார். எனக்குள் அன்றுதான் ஒரு சந்தேகம் நுழைந்தது. பஸ்ஸில் போகும்போது போனில் தேடிப் பார்த்தேன். ஒருவர் நல்லது என்றார், ஒருவர் நஞ்சு என்றார். பாலம் வரும்போது போனை மூடிப் பைக்குள் வைத்துவிட்டேன். டின்னில் கொஞ்சம்தான் இருந்தது. அது முடியட்டும், பிறகு வாங்காமல் விடுவோம் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

அந்த நாட்களில் மா விற்ற பெண்ணும் பதில் போடுவதை நிறுத்திவிட்டாள். பேஸ்புக் பக்கமும் காணாமல் போனது. அக்காவின் டின்தான் முதலில் முடிந்தது. ஒருநாள் பின்னேரம் மகனைத் தூக்க நான் போனபோது அக்கா கேட்டார்.

“மா இருந்தாக் கொஞ்சம் தாகா. இவள் பாலை அதில்லாமத் தொடுறாளில்ல.”

என் வீட்டு அலுமாரிக்கு மேலே கால்வாசி டின் இருந்தது. “முடிஞ்சுது அக்கா” என்றேன்.

அதை நஞ்சு என்று பயந்து மறைக்கவில்லை. அப்படியென்றால் பெரிய மனசு என்று ஆகியிருக்கும். என் மகனுக்குக் குறைந்துவிடும் என்றுதான் மறைத்தேன். நல்லதோ கெட்டதோ தெரியாத ஒன்றைக்கூட என் பிள்ளைக்கு என்று ஒளித்து வைத்தேன்.

நாலைந்து நாளில் அக்காவின் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருந்த சாதாரணக் காய்ச்சல்தான். மற்றப் பிள்ளைகள் ஒருநாள் படுத்து மறுநாள் ஓடித் திரிந்தார்கள். இவள் எழும்பவில்லை. குடித்ததெல்லாம் வாந்தி. அது ஒரு சனிக்கிழமை, நான் வீட்டில் நின்றேன். மத்தியானம் போல அக்கா வேலிக்கு அப்பால் நின்று என் பெயரைச் சொல்லிக் கத்தினார். ஓடிப் பார்த்தேன். பிள்ளையின் கண் பாதி திறந்து கிடந்தது. கை குளிர்ந்திருந்தது. கூப்பிட்டால் ஒரு முனகல் மட்டும். அக்காவின் கணவர் வாவியில். நான் மகனை இடுப்பில் போட்டுக்கொண்டு ஓட்டோவை மறித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அக்கா மகளின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். “பேத்தை மீனே, பேத்தை மீனே, கண்ணைத் திறடி.”

ஆஸ்பத்திரியில் உடனே எடுத்தார்கள். ஊசி ஏற்ற நரம்பு தேடினார்கள். சீனி குறைந்துவிட்டது, பிரஷர் இறங்கிவிட்டது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது எங்களுக்குக் கேட்டது. இளம் பெண் டொக்டர் ஒருவர் அக்காவிடம் கேட்டார்.

“பிள்ளைக்கு வேற வருத்தம் ஏதும் இருக்கா? மருந்து ஏதும் எடுக்கிறவளா?”

“இல்ல டொக்டர். மருந்து ஒண்டும் குடுக்கல்ல.”

“முகம் எப்பவும் இப்பிடித்தானா? ஊதினமாதிரி?”

“முந்தி நெத்தலி மாதிரி டொக்டர். இப்பதான் கொஞ்சம் தேறினவள்.” அந்த நேரத்திலும் அக்காவின் குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது.

அக்கா பொய் சொல்லவில்லை. மருந்து கொடுக்கவில்லை என்று முழு மனதாக நம்பித்தான் சொன்னார். அந்த நம்பிக்கையைக் கொடுத்தது நான். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறந்து “ஒரு மா கொடுத்தோம்” என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நான் மகனின் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கழற்றிப் பூட்டிக்கொண்டு நின்றேன்.

டொக்டர் விடவில்லை. பாணி, நாட்டு மருந்து, சத்துமா, தூள், எதுவானாலும் சொல்லுங்கள் என்று இன்னொரு தரம் கேட்டார்.

“மா ஒண்டு கரைச்சுக் குடுத்தனான். ஆனா அது சாப்பாடு டொக்டர்.”

“எவ்வளவு காலம்? இப்பவும் குடுக்கிறீங்களா?”

“ரெண்டு மூணு மாசம் குடுத்தன். போன கிழமை முடிஞ்சு போச்சு.”

டொக்டர் திரும்பித் தாதியிடம் வேகமாக ஏதோ சொன்னார். ஒரு ஊசி மருந்து வந்தது. அதை ஏற்றிக்கொண்டே கேட்டார், “எங்க வாங்கின அந்த மாவை? ஆர் தந்த?”

அக்கா என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு டொக்டரிடம் திரும்பி, “போன்ல விளம்பரம் பாத்து எடுத்தது டொக்டர்” என்றார்.

அக்காவிடம் இருந்தது பொத்தான் போன். அதில் விளம்பரம் வராது. என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று, அந்த நிலையிலும், அந்தப் பொய்யைச் சொன்னார். டொக்டருக்குக் கோபம் வந்தது. நாலு வயதுப் பிள்ளைக்கு என்னவென்று தெரியாத சாமானைக் கரைத்துக் கொடுப்பீர்களா, உங்களுக்கு யோசனை இல்லையா என்று ஏசினார். அந்த வார்ட்டில் இருந்த தாய்மார் எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்கு விழவேண்டிய ஏச்சு அவர் தலையில் விழுந்தது.

பிறகு டொக்டர் கொஞ்சம் தணிந்து விளக்கினார். இப்படிப்பட்ட மாக்களில் சிலவற்றுக்குள் ஸ்டீரொயிட் மருந்தைக் கள்ளமாகக் கலந்து விற்கிறார்களாம். பசி கூடும், முகம் ஊதும், பார்க்கிறவர்களுக்குப் பிள்ளை கொழுத்ததுபோல இருக்கும். “எங்கட உடம்புக்குள்ளயே ஊறுற ஒரு சாமான் அது. வெளியில இருந்து நாளாந்தம் குடுத்தா உடம்பு தான் செய்யிறதை மறந்திரும். திடீரெண்டு நிப்பாட்டினா ஒரு சின்னக் காய்ச்சலையும் பிள்ளையால தாங்கேலா.”

திடீரென்று நிறுத்தினால். அந்தச் சொல் விழுந்த இடம் எனக்கு மட்டும்தான் தெரியும். அக்கா கேட்டதும், அலுமாரிக்கு மேலே இருந்ததும், முடிந்தது என்று நான் சொன்னதும்.

அப்போது டொக்டரின் கண் என் மகனின் மேல் விழுந்தது. அவன் முகத்தைப் பார்த்தார், கட்டிலில் கிடந்தவளின் முகத்தைப் பார்த்தார். இரண்டும் ஒரே அச்சில் வார்த்ததுபோல வட்டமாக இருந்தன. “இந்தப் பிள்ளையும் அதைக் குடிக்குதா?” என்று கேட்டார்.

அவனுக்கும் நாளைக்கு ஒரு காய்ச்சல் வரலாம். அவனுடைய டின்னும் இரண்டொரு நாளில் முடியத்தான் போகிறது. அதை நினைத்ததும் என் வாய் தானாகத் திறந்தது.

“ஓம் டொக்டர். நான்தான் வாங்கினனான். இவக்கும் நான்தான் குடுத்தன். வீட்டில இன்னும் கொஞ்சம் இருக்கு.”

சொல்லி முடித்த பிறகுதான் கடைசி வார்த்தைகள் என் காதில் விழுந்தன. வீட்டில் இன்னும் கொஞ்சம் இருக்கு. அக்கா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

நான் உண்மை சொன்னேன் என்று இதைப் படிக்கிற யாரும் ஆறுதல்பட வேண்டாம். அந்தக் கட்டிலில் அக்காவின் மகள் கிடந்தபோது என் வாய் திறக்கவில்லை. அக்கா ஏச்சு வாங்கியபோதும் திறக்கவில்லை. என் பிள்ளை என்று வந்தபோது மட்டும்தான் திறந்தது.

பின்னேரம் ஆகும்போது பிள்ளை கண் திறந்து தண்ணீர் கேட்டாள். டொக்டர் எங்களைப் பார்த்து, சரியான நேரத்துக்குக் கொண்டு வந்தீர்கள் என்றார். மகனையும் வார்ட்டில் மறித்து வைத்துச் சோதித்தார்கள். அவனுக்கும் அதே வகை மருந்தை அளந்து தொடங்கினார்கள், அதைச் சிறுகச் சிறுகத்தான் குறைக்கவேண்டும், டொக்டர் சொல்லாமல் ஒருநாள்கூட விடக்கூடாது என்று எச்சரித்தார்கள். வீட்டில் மிஞ்சிய மாவை அப்படியே கொண்டுவரச் சொல்லி ஆய்வுக்கு அனுப்பினார்கள். டொக்டர் சொன்னது சரியென்று பிறகு தெரிந்தது. பயறும் இருந்ததாம், பேரீச்சம்பழமும் இருந்ததாம். டின்னில் எழுதாத அந்த மருந்தும் இருந்ததாம்.

அன்று கட்டிலுக்குப் பக்கத்தில் அக்காவும் நானும் மட்டும் நின்றபோது, அக்கா மகளின் நெற்றியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“இருந்ததா?”

“ஓம் அக்கா.”

“முடிஞ்சுது எண்டியே.”

நான் கட்டில் விரிப்பின் சுருக்கத்தை இழுத்து நேராக்கினேன். அக்கா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கத்தல் கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அன்றைக்கு அந்த மாவைக் கொடுத்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் நஞ்சைப் பகிர்ந்தவளாக இருந்திருப்பேன், கொடுக்காததால்தான் இப்படி ஆனது என்றும் சொல்லமுடியாது. பிறகு தனியாகக் கேட்டபோது டொக்டரும் இதைத்தான் சொன்னார். ஆனால் என் வெட்கத்தை அந்தக் கணக்கு தொடவில்லை. கட்டிலருகே அக்கா கேட்டது மாவைப் பற்றி அல்ல, என் பொய்யைப் பற்றி என்று எனக்குத் தெரியும்.

பிள்ளைகள் வீட்டுக்கு வந்த பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். அக்கா வீட்டில் கிடந்த வெறும் டின்னைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, செய்தவர் விலாசம் இல்லை, கொண்டுவந்தவர் விலாசம் இல்லை, ஆரைப் பிடிப்பது என்று கேட்டார். மருந்து என்று பதிய வந்தால் நூறு கேள்வி கேட்பார்களாம், சாப்பாடு என்று சொன்னால் கேள்வி குறைவாம், யாராவது முறைப்பாடு செய்து சோதித்துப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது தெரியவருமாம். இதைக் குடித்த பிள்ளைகள் வேறும் இருப்பார்கள்தானே, யாரும் முறைப்பாடு தரவில்லையா என்று கேட்டேன்.

“தரமாட்டாங்க மிஸ். எல்லாருக்கும் வெக்கம்.”

நான் என் பெயரைப் போட்டு எழுதிக் கொடுத்தேன். மிஸ்ஸியிடமும் போய், அன்று நீங்கள் கேட்டபோது பொய் சொன்னேன் என்று சொன்னேன். மிஸ்ஸி, “நான் இன்னும் ஒருக்கா அழுத்திக் கேட்டிருக்கவேணும்” என்றார். அவருடைய தவறு அதில் ஒன்றும் இல்லை. அதைக் கேட்கவும் வெட்கமாக இருந்தது.

லீவு முடிந்து நான் வேலைக்குத் திரும்பவேண்டிய காலை வந்தது. மகனைத் தூக்கிக்கொண்டு அக்காவின் கடப்படியில் நின்றேன். இனிப் பார்ப்பாரா, கேட்கலாமா, கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது என்று நினைத்து, உள்ளே போகாமலும் திரும்பாமலும் நின்றேன். அக்கா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவர் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு வந்தார்.

“என்ன, சிலை மாதிரி நிக்கிறாய்? தா பிள்ளைய. பஸ் போகப்போகுது.”

இன்றைக்கும் மகனை அவர்தான் பார்க்கிறார். ஆனால் முந்திப்போல என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. ஒரு பிடி உப்பென்றாலும் மற்ற வீட்டில் போய் வாங்குகிறார்.

இரண்டு பிள்ளைகளும் பழையபடி மெலிந்துவிட்டார்கள். மகன் இப்போது உயரத்தில் கொஞ்சம் எழும்பியிருக்கிறான். கோடு மறுபடியும் பச்சையின் அடியில்தான் போகிறது, ஆனால் போகிறது.

இது இத்தோடு முடிந்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன். இந்த வருடம் கணவரின் சொந்தக்காரர் ஒருவரின் புது வீடு குடிபூரலுக்குப் பனிச்சங்கேணிக்குப் போனோம். பந்தி முடிந்து பெண்கள் இருந்து கதைத்துக்கொண்டிருந்தபோது, கைக்குழந்தையோடு ஓர் இளம் தாய் என் பக்கத்தில் வந்து இருந்தாள். பிள்ளை சாப்பிடுவதில்லை என்று கவலைப்பட்டாள். பிறகு போனை எடுத்து, “இதை எடுப்பமா எண்டு யோசிக்கிறன் மச்சாள். நீங்க படிச்சவதானே, சொல்லுங்க. இந்தப் பிள்ளையப் பாருங்க, எப்பிடி இருந்து எப்பிடி வந்திருக்கு” என்று நீட்டினாள்.

டின் வேறு, பெயர் வேறு, நிறம் வேறு. படத்தில் இருந்தது என் மகன். ஒரு பக்கம் மெலிந்தவன், மறுபக்கம் ஊதியவன். நான் ஆசையோடு எடுத்து அனுப்பிய படங்கள். அந்த நீலச் சட்டைகூட அக்கா தைத்தது. முற்றத்தில் என் மகன் மற்றப் பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டேன். வேர்வையோடு வந்து என் மடியில் சாய்ந்தான். அவனைக் காட்டி, “இந்தப் பிள்ளைதான் அது” என்றேன். அவள் போனைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், விளங்காமல் என்னைப் பார்த்தாள். நான் தொடக்கத்திலிருந்து சொன்னேன். சுற்றியிருந்த பெண்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். அலுமாரிக்கு மேலே இருந்த கால்வாசி டின்னையும் சொன்னேன். அதை விட்டுவிட்டுச் சொல்லத்தான் மனம் இழுத்தது.

அந்தப் படத்தை எடுத்துவிடச் சொல்லி எத்தனையோ இலக்கங்களுக்கு எழுதிப் பார்த்தேன், ஒவ்வொன்றிலும் என்னை புளொக் பண்ணிவிடுகிறார்கள். எங்கேயோ இன்னொரு தாய் என் பிள்ளையின் கன்னத்தைப் பார்த்து ஆசைப்பட்டுக்கொண்டிருப்பாள் என்று தெரிந்தபிறகு, என் வெட்கத்தை வீட்டுக்குள் பூட்டி வைக்கிற உரிமை எனக்கு இல்லை என்றுதான் படுகிறது.